கிணறு கிணறாகப் போன ரோமப் பெருவழி

எகிப்தில் நைல் கரையில் கோப்டோஸ் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது கிஃப்ட் என்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே செங்கடல் துறைமுகங்களுக்குப் போகிற ஒட்டக வணிகர்கள் முன்பெல்லாம் மாலுமிகளைப் போல விண்மீன் பார்த்து இரவில் நடந்தார்கள், குடிதண்ணீரையும் கூடவே சுமந்து போனார்கள் என்று கிரேக்க நிலவியல் அறிஞர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். கி.மு. 20களில் எகிப்தின் ரோம ஆளுநராக இருந்த ஏலியஸ் காலஸோடு அந்த நாட்டில் பயணம் செய்தவர் அவர். அதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: இப்போது வெகு ஆழத்துக்குத் தோண்டி நீர்நிலைகள் ஏற்படுத்திவிட்டார்கள், மழை அரிதுதான் என்றாலும் அதையும் பிடித்துவைக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

ரோமச் சாலைகளைப் பற்றிப் படித்தவற்றில் என் மனத்தில் ஆழப் பதிந்த இடம் இதுதான். அதில் கல் இல்லை. ரோமச் சாலை என்றதும் நம் எல்லோருக்கும் தோன்றுவது பெரிய பெரிய கற்களை நெருக்கிப் பதித்த, அம்பு விட்டது போல நேராகப் போகிற ஒரு தெரு. ரோமுக்குத் தெற்கே ஆப்பியன் பெருவழி அப்படித்தான் இருக்கிறது. பள்ளிப் பாடத்திலும் அந்தப் படம்தான் வரும். ஆனால் பேரரசின் மாகாணங்களில் ஓடிய சாலைகளில் பெரும்பகுதி சரளையும் மண்ணும்தான். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துக்கு வந்தால் சரளைகூட யாரும் கொட்டவில்லை. அங்கே ரோமர்கள் போட்டது கிணறு. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே ஒட்டகம் நடந்த தடத்தைத்தான் சாலை என்கிறோம்.

நான் வளைகுடா நாடுகளில் பாலைவனச் சாலைப் பணிகளில் இருந்தவன். வரைபடத்தில் கோடு இழுப்பது சுலபம். முகாம் எங்கே, எத்தனை பேர், எந்த மாதம் வேலை என்பதையெல்லாம் முடிவு செய்வது தண்ணீர் லாரி. லாரி ஒரு நாள் வராவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த அனுபவத்தோடு, கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேக்குப் போன சாலையைப் பற்றிப் படித்தபோது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் காரியக்காரர்களின் கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது.

முதலில், அந்தச் சாலை ஏன் வேண்டியிருந்தது? செங்கடலின் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதியும் வாடைக்காற்றுதான். இந்தியாவிலிருந்து சரக்கேற்றித் திரும்பும் பாய்மரக் கப்பல் அந்தக் காற்றை எதிர்த்து சூயஸ் முனை வரை ஏறிப்போவதற்குள் ஓய்ந்துவிடும். அதனால் கப்பல்கள் தெற்கே பெரெனிகேயிலோ, கொஞ்சம் வடக்கே மியோஸ் ஹோர்மோஸிலோ சரக்கை இறக்கின. அங்கிருந்து பாலைவனத்தைக் குறுக்கே கடந்தால் நைல். நைலில் படகேறிவிட்டால் நீரோட்டமே அலெக்சாண்ட்ரியாவுக்கு இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு, கடலில் தொல்லை தந்த அதே வாடைக்காற்று நதியில் பாயை நிரப்பி மேலே தள்ளிவிடும். ஆக, கடலுக்கும் நதிக்கும் நடுவில் இருந்த பாலைவனம்தான் ஒரே முட்டுக்கட்டை. மியோஸ் ஹோர்மோஸிலிருந்து கோப்டோஸ் ஏறத்தாழ 180 கிலோமீட்டர்; ஆறேழு நாள் நடை என்கிறார் ஸ்திராபோ. பெரெனிகேயிலிருந்து ஏறத்தாழ 380 கிலோமீட்டர். பன்னிரண்டு நாள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி.

ரோமர்கள் வந்து கண்டுபிடித்த வழி அல்ல இது. மியோஸ் ஹோர்மோஸ் சாலை போகிற வாதி ஹம்மாமாத் பள்ளத்தாக்கில் பாரோ மன்னர்களின் காலத்திலேயே கல்லுடைக்கப் போனவர்கள் பாறைகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் கல்குவாரிகளையும் தங்கச் சுரங்கங்களையும் காட்டும் பாப்பிரஸ் வரைபடம் ஒன்று, கி.மு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரெனிகே துறைமுகத்தை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவியவர், அப்போது எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னர் இரண்டாம் தாலமி. ஊருக்குத் தன் தாயின் பெயரை வைத்தார். தாலமி வம்சத்தார் காலத்திலேயே இந்த வழிகளில் சில தங்குமிடங்கள் வந்துவிட்டன. கி.மு. 30இல் எகிப்து ரோமின் மாகாணமானபோது, ரோமர்கள் கையில் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே மனிதர் நடந்து பழகிய தடத்தை. அதை ஆண்டு முழுவதும் நம்பிப் போகத்தக்க வழியாக மாற்றியதுதான் அவர்கள் செய்த காரியம்.

பெரும்பாலும் வாதிகளின் வழியாகவே தடம் போகிறது. வாதி என்றால் வறண்ட காட்டாற்றுப் படுகை. இருபுறமும் மொட்டை மலை, நடுவே கெட்டியான மணலும் சரளையும். ஒட்டகத்துக்கு அதைவிட நல்ல தரை வேண்டாம். அதன் மெத்தென்ற பாதத்துக்குப் பாவிய கல்தான் தொந்தரவு. அங்கங்கே பெரிய கற்களை மட்டும் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். வழி தெரியக் கற்குவியல்கள். மியோஸ் ஹோர்மோஸ் சாலையில் மட்டும் குன்றுச்சிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள் உண்டு. மற்ற மாகாணங்களில் மூலைக்கு மூலை காணப்படும் மைல்கற்கள் இங்கே இல்லை. கல் பதிக்காததைச் சோம்பல் என்றோ சிக்கனம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆண்டுகள் சொட்டு மழை பெய்யாமல் கிடக்கும் வாதியில் ஒருநாள் திடீரென்று வெள்ளம் வரும். வந்தால் எதிரில் இருப்பதைப் பெயர்த்துக்கொண்டு போகும். நாங்கள் போட்ட தார்ச்சாலை, ஒரே மழைக்குப் பிறகு துண்டு துண்டாக வாதியின் கீழ்ப்பகுதியில் கிடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்த மறுநாளே நடக்கத் தயாராக இருக்கும் மண்தடம்தான் அந்த இடத்துக்கு உகந்த சாலை. அங்கே வேலை பார்த்த ரோமப் படைப் பொறியாளர்களின் தீர்மானம் சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

அவர்களின் உழைப்பெல்லாம் போன இடம் வேறு. ரோமர்களின் பயண நிரல் ஒன்றில் கோப்டோஸிலிருந்து பெரெனிகே வரையிலான நிலையங்களும் அவற்றுக்கு இடையிலான தூரமும் வரிசையாக இருக்கின்றன. பொய்னிகோன் 24 மைல், டிடிமே 24, அஃப்ரோடிடோ 20, காம்பாசி 22, யோவிஸ் 23, அரிஸ்டோனிஸ் 25, ஃபலாக்ரோ 25, அப்போலோனோஸ் 23, கபால்சி 27, புதுக்கிணறு என்ற பெயருள்ள நிலையம் 27, பிறகு பெரெனிகே 18. கூட்டினால் 258 ரோம மைல். பிளினி சொல்வது 257. ஒரு ரோம மைல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவே 27 முதல் 40 கிலோமீட்டர். சுமையேற்றிய ஒட்டகம் ஒரே இரவில் கடக்கிற தூரம். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வோர் எண்ணிலும் ஓர் ஒட்டகத்தின் களைப்பு அளக்கப்பட்டிருப்பது தெரிகிறது.

கிணறு வெட்டியவர்கள் படைவீரர்கள். கோப்டோஸில் கிடைத்த ஒரு லத்தீன் கல்வெட்டு அவர்களின் பெயர்களைப் பிரிவு பிரிவாக, சொந்த ஊரோடு வரிசைப்படுத்துகிறது. கடைசியில் அவர்கள் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள்: அப்போலோனோஸ், காம்பாசி, பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ். ஒவ்வொன்றும் எந்த நாளில் திறக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. பேரரசின் வேறு மூலைகளில் போர் வெற்றிக்குக் கல்வெட்டு வைத்த படை, இங்கே தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருக்கிறது.

இன்னொரு கல்வெட்டு கி.பி. 76–77ஐச் சேர்ந்தது, வெஸ்பாசியன் பேரரசராக இருந்த காலம். எகிப்தின் ஆளுநர் யூலியஸ் உர்சுஸ் பெரெனிகேக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், இந்த இடத்தில் நீர் தேடுங்கள் என்று கட்டளையிட்டார். நீர் கிடைத்ததும் காவற்கோட்டையும் தொட்டிகளும் கட்டச் சொன்னார். இதே வாசகம் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் கிடைத்திருக்கிறது. வேலை நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில் ஆளுநரே அந்த வழியில் பயணம் போய், எங்கே இடைவெளி அதிகம் என்று உணர்கிறார். பிறகு நீர் தேடுகிறார்கள். கிடைத்த பிறகுதான் சுவர் எழும்புகிறது. மேலிடத்திலிருந்து கோடு போட்டுக் கொடுத்து, இங்கே கட்டு என்று சொல்லி, கட்டி முடித்த பிறகு தண்ணீருக்கு அலைந்த முகாம்களில் நான் இருந்திருக்கிறேன். அதனால் இந்தச் சின்னக் கல்வெட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை.

காவற்கோட்டை என்றால் பிரம்மாண்டமாக எதையும் நினைக்க வேண்டாம். பக்கத்துக்கு ஐம்பது, அறுபது மீட்டர் உள்ள ஒரு சதுரம். கிடைத்த கல்லை அடுக்கி எழுப்பிய சுவர், மூலைகளில் கோபுரம், ஒற்றை வாசல். உள்ளே சுவரை ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள். நடுவில் அகன்ற கிணறும் அதன் பக்கத்தில் தொட்டிகளும். சிலவற்றில் குளியலறையும் சிறு கோயிலும் உண்டு. எல்லாமே கிணற்றைச் சுற்றிக் கட்டியவை. சுவர் காத்தது தண்ணீரை.

அந்தச் சதுரங்களுக்குள் வாழ்ந்தவர்களை நாம் அறிய முடிவது அவர்கள் வாசலுக்கு வெளியே கொட்டிய குப்பையால். 1990களின் நடுவிலிருந்து எலேன் குவிஞி தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் க்ரோகோடிலோ, மாக்சிமியானோன், டிடிமோய், டியோஸ், க்ஸெரோன் போன்ற நிலையங்களைத் தோண்டினார்கள். குப்பைமேடுகளில் ஆயிரக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. பாலைவனத்தில் பாப்பிரஸ் தாள் விலை அதிகம். உடைந்த மதுச்சாடிக்குக் குறைவில்லை. ஆகவே கடிதம், கணக்கு, உத்தரவு எல்லாம் ஓட்டின் மீது மையால் எழுதப்பட்டன. காய்ந்த மண் அவற்றை அப்படியே வைத்திருந்தது.

க்ரோகோடிலோவில் கி.பி. 108–109ஐ ஒட்டிய அஞ்சல் பதிவேடு ஒன்று இருக்கிறது. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் குதிரைவீரன் யாருடைய கடிதங்களைக் கொண்டுவந்தான், அடுத்த நிலையத்துக்கு யார் எடுத்துப் போனான் என்ற குறிப்புகள். கடலோரத்திலிருந்து மேலதிகாரிக்கு அனுப்பிய மீன் வந்து சேர்ந்ததுகூடப் பதிவாகியிருக்கிறது. செங்கடல் மீன் அந்தக் கொதிக்கும் பாலைவனத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடந்து போயிருக்கிறது! ஒரு பேரரசு மாகாணத்தைக் கட்டியாண்டது எப்படி என்று கேட்டால், நான் முதலில் கொண்டுவந்து காட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான். ஏதோ ஒரு குக்கிராமம்கூட இல்லாத இடத்தில், தன் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிலையில் இருந்த ஓர் எழுத்தன், நேரம் தவறாமல் குறித்துவைத்திருக்கிறான்.

கடிதங்களில் பெரும்பாலும் சாப்பாட்டுக் கவலைதான். கோதுமை நைல் பக்கத்திலிருந்து வரும்; மாவரைத்து ரொட்டி சுட்டு ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவார்கள். கிணற்றுத் தண்ணீர் மிஞ்சும் இடங்களில் சின்னதாகக் கீரைப்பாத்தி போட்டார்கள். பச்சைக் கீரை கண்டால் அது எல்லாருக்கும் விசேஷம். ருஸ்டியுஸ் பர்பருஸ் என்பவர் பொம்பேயுஸ் என்ற நண்பருக்கு ரொட்டி அனுப்பிக்கொண்டே இருக்கிறார், பதில் வரவில்லை. கிடைத்ததா இல்லையா என்றாவது எழுதக்கூடாதா என்று வருத்தப்படுகிறார். இந்தக் கடிதங்களை மொழிபெயர்ப்பில் படித்தபோது என் முகாம் நாட்களின் சக ஊழியர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். வீட்டிலிருந்து வந்த ஊறுகாய்ப் பாட்டிலை யாருக்குக் கொடுத்தோம், யார் நன்றி சொல்லவில்லை என்பதெல்லாம் அங்கே பெரிய விஷயம்.

எல்லாக் கடிதமும் அப்படி மனத்துக்கு இதமானதல்ல. ஃபிலோக்ளெஸ் என்று ஒருவர் இந்தச் சாலையில் காய்கறி வியாபாரம் செய்தார். அதோடு காவல் நிலையங்களுக்குப் பெண்களை மாத வாடகைக்கும் அனுப்பினார். மாதம் 60 திராக்மா (அன்றைய வெள்ளி நாணயம்). அந்தப் பெண்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், அவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்று எந்த ஓடும் சொல்வதில்லை. அவர்கள் எழுதிய கடிதங்கள் நம்மிடம் இல்லை. அவர்களைப் பற்றிய கணக்குதான் இருக்கிறது. ரோமச் சாலைகளின் பெருமை பேசும்போது இதை ஒரு வரியில் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்தும் இருந்தது. பாலைத் திணைப் பாடல்களில் வரும் ஆறலைக் கள்வரை நாம் அறிவோம். அங்கே கி.பி. 118 மார்ச்சில் பத்குவா என்ற காவற்கோட்டையை அறுபது பேர் தாக்கினார்கள். பாலைவனத்து மக்களை ரோமர்கள் பொதுவாக பர்பாரர், அதாவது காட்டுமிராண்டிகள், என்றே எழுதினார்கள். ரோமக் கணக்கில் பகல் பத்தாம் மணியிலிருந்து இரவு இரண்டாம் மணி வரை, அதாவது நம் மாலை நான்கு மணி வாக்கிலிருந்து இரவு எட்டு மணி வாக்கு வரை, சண்டை. பிறகு விடியும் வரை முற்றுகை. ஒரு காலாள் வீரன் இறந்தான். ஒரு பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் தூக்கிச் சென்றுவிட்டார்கள். இந்தச் செய்தியின் நகல் நிலையம் நிலையமாகச் சுற்றுக்கு விடப்பட்டது. க்ரோகோடிலோவில் ஒருவர் அதை ஒரு மதுச்சாடியின் மீது எழுதிவைத்தார். அந்தச் சாடி துண்டுகளாகக் கிடைத்து, ஒட்டிப் படிக்கப்பட்டது. கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதே இந்த அறிக்கை தற்செயலாகச் சொல்லிவிடும் விஷயம். தாக்கியவர்களின் பக்கத்துக் கதையையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் கால்நடையோடு திரிந்தவர்களுக்கு, நல்ல ஊற்றிடங்களை எல்லாம் சுவர் எழுப்பி ஒரு படை வளைத்துக்கொண்டது எப்படி இருந்திருக்கும்?

தண்ணீருக்கும் காவலுக்கும் ஆன செலவை அரசு சாலையிலேயே வசூலித்தது. கோப்டோஸில் கி.பி. 90 மே மாதத் தேதியிட்ட ஒரு கட்டணக் கல் இருக்கிறது. செங்கடல் கப்பலின் மாலுமித் தலைவனுக்கு 8 திராக்மா. சாதாரணக் கப்பலாளுக்கு 5. படைவீரர்களின் பெண்களுக்கு 20. தொழிலுக்கென்று கொண்டுபோகப்படும் பெண்களுக்கு 108. ஒட்டகத்துக்கான சீட்டுக்கு, திராக்மாவுக்குக் கீழான சில்லறை நாணயமான ஒபோல் ஒன்று. அதில் முத்திரை வைக்க இரண்டு. கழுதைக்கு இரண்டு. கப்பல் பாய்மரம் ஒன்றுக்கு 20 திராக்மா. மரமே இல்லாத கடற்கரைக்குப் பாய்மரமும் நைல் பக்கமிருந்து பாலைவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. பிணத்தை எடுத்துப் போய்த் திரும்பும் இறுதி ஊர்வலத்துக்கும் ஒரு திராக்மா நான்கு ஒபோல் கட்ட வேண்டும்.

சாலையை நம்பியே பிழைத்த குடும்பங்களும் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் நிகானோர் என்பவரும் அவருடைய உறவினர்களும் கோப்டோஸில் ஒட்டகப் போக்குவரத்து நடத்தினார்கள். அவர்களுடைய ரசீது ஓடுகள் தொண்ணூறு வரை கிடைத்திருக்கின்றன: துறைமுகத்தில் இருக்கும் இன்னாருக்கு இத்தனை கோதுமை, இத்தனை மது கொண்டுவந்து சேர்த்தார், பெற்றுக்கொண்டேன். இந்தியாவுக்குக் கப்பல் விட்ட பெரும் பணக்காரர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்திருக்கிறது. அந்தத் துறைமுகங்களில் மனிதர் உயிரோடு இருக்கச் சோறு கொண்டுபோனவர்கள் நிகானோரின் ஒட்டகக்காரர்கள்.

இங்கேதான் இந்தச் சாலை நம்முடைய கதையோடு வந்து சேர்கிறது. யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு சொல்கிறது. தமிழ் படித்த யாருக்கும் அது தெரியும். பெரெனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே ஊரில் கொற்றன் என்ற பெயரும், மியோஸ் ஹோர்மோஸில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களும் தமிழ் பிராமியில் பானை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. நம் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் அந்தத் துறைமுகத்தோடு நின்றுவிடுகின்றன. கப்பலிலிருந்து இறங்கிய மிளகு பெரெனிகே மணலில் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? ரோமின் சமையலறைக்கு அது போய்ச் சேர்ந்தது இந்தக் கிணறுகளின் வழியாக.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க வேண்டுமானால் கப்பல் நடுக்கோடையில் எகிப்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அதாவது வணிகர்களும் கப்பலாட்களும் பொன்னும் மதுவும் ஏற்றிய ஒட்டகங்களும் கோப்டோஸிலிருந்து பெரெனிகேக்கு நடந்தது ஜூன், ஜூலையில். அந்த மாதங்களில் பகலில் அங்கே வேலை செய்ய முடியாது. நானும் இரவுப்பணிதான் பார்த்திருக்கிறேன். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவிலேயே நடந்தார்கள், பகலை நிலையங்களில் கழித்தார்கள் என்று பிளினி சொல்வது மிகையல்ல.

அப்படிப் பகலைக் கழித்தவர்களில் ஒருவனின் பெயர் நமக்குத் தெரியும். கோப்டோஸ்–பெரெனிகே வழியில் வாதி மெனீ என்ற இடத்தில் ஒரு பாறை நிழல். அங்கே, பப்ளியஸ் அன்னியஸ் ப்ளோகாமுஸின் அடிமை லைசாஸ் என்பவன், தான் வந்ததைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பொறித்திருக்கிறான். காலம் கி.பி. 6, ஜூலை முதல் வாரம். பிளினி சொல்லும் ஒரு கதையில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் ப்ளோகாமுஸ் என்பவரிடமிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது வாடைக்காற்றில் சிக்கி, பதினைந்தாம் நாள் தாப்ரோபனே என்ற இலங்கையில் கரையேறுகிறான். அந்நாட்டு அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்து, பிறகு ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்புகிறான். லைசாஸும் அவனும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கை வரலாற்றில் எல்லாரும் எடுத்துக்காட்டும் அந்தக் குடும்பப் பெயர், ஜூலை வெயிலில் அந்தப் பாறை நிழலில் ஒதுங்கிய ஒருவனின் கையெழுத்தில் இருக்கிறது.

மிளகுப் பாதையின் கடைசிக் கட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது, வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ். முசிறி ஒப்பந்தம் என்று நாம் சொல்கிற அதே தாள். ஒரு பக்கத்தில் கடன் உடன்படிக்கை. மறுபக்கத்தில் ஹெர்மபோல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு, கங்கைப் பகுதி நறுமணத் தைலம் 60 பெட்டி, யானைத் தந்தம் என்று. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ் என்ற ரோம நாணயம், அதுவும் 25 சதவீத வரி போக. தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் முசிறியைச் சொல்வார்கள், தொகையைச் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது சாலையைப் பற்றிய ஷரத்தை. கடன் வாங்கியவர், சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடும் பாதுகாப்போடும் கோப்டோஸின் அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோய், முத்திரையிட்டு வைக்க வேண்டும்; பிறகு நைல் படகில் அலெக்சாண்ட்ரியாவின் கிடங்குக்கு. கடல் கடந்து வந்த செல்வத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு அந்தப் பன்னிரண்டு நாள் நடையைப் பற்றி எவ்வளவு கவலை என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது.

இதே பாலைவனத்தில் வேறு சாலைகளும் உண்டு. மோன்ஸ் கிளாடியானுஸ் கல்குவாரியிலிருந்து நைல் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், முழுத்தூண்களை வண்டியில் இழுத்தார்கள். ரோமில் பாந்தியன் கோயில் முகப்பின் சாம்பல்நிறத் தூண்கள் அங்கிருந்து வந்தவைதான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 டன். அந்தக் குவாரியில் கிடைத்த ஓர் ஓட்டில் தண்ணீர் பங்கீடு கணக்கிட்டிருக்கிறார்கள்: 917 பேருக்கு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஹாட்ரியன் பேரரசர் போட்ட சாலையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நைலில் இறந்த தன் அன்பன் அன்டினூஸின் பெயரால் கி.பி. 130இல் அன்டினூபோலிஸ் நகரத்தை நிறுவினார். அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போய், கரையோரமாகவே தெற்கே பெரெனிகே வரை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் புதுச்சாலை. பாதுகாப்பான, சமமான நிலத்தின் வழியாக, ஏராளமான நீர்த்தொட்டிகளோடும் தங்குமிடங்களோடும் காவற்கோட்டைகளோடும் திறந்ததாக கி.பி. 137 பிப்ரவரி 25ஆம் தேதியிட்ட கல்வெட்டு அறிவிக்கிறது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தடம் முழுவதையும் அளந்தார்கள். அங்கும் கல் பதிக்கவில்லை. கற்களை ஓரத்தில் ஒதுக்கிய தடம்தான். கோப்டோஸ் சாலைகளில் குவிந்த அளவுக்குக் கடிதங்களோ கணக்குகளோ இங்கே வரவில்லை. மிளகு வியாபாரி பெரெனிகேயிலிருந்து பன்னிரண்டு நாளில் நதியைத் தொட முடிகிறபோது, கடற்கரையோரம் இரு மடங்குத் தூரம் ஏன் நடக்கப்போகிறான்? உர்சுஸ் கிணறு தேடியது வழிப்போக்கன் தாகத்தைப் பார்த்து. ஹாட்ரியன் சாலை போட்டது ஒரு புது நகரத்துக்குப் பெருமை சேர்க்க. இரண்டும் அரசு கட்டிய சாலைகள்தான். கூட்டம் முதலாவதில்தான் போனது.

கோப்டோஸ் சாலைகளின் காவற்கோட்டைகள் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. படை போனதும் கிணற்றைத் தூர்வார ஆளில்லை; தூர்வாராத கிணறு சில வெள்ளங்களில் மூடிப்போகும். பெரெனிகே துறைமுகம் பிறகும் 6ஆம் நூற்றாண்டு வரை இழுத்துப் பிடித்து உயிரோடு இருந்தது. வாதி ஹம்மாமாத் வழியாக இன்று கிஃப்டிலிருந்து குசெய்ர் வரை தார்ச்சாலை போகிறது, பழைய நிலையங்களையும் கோபுரங்களையும் ஒட்டியே.

இந்த ஆண்டுகளில் அந்தப் பாலைவனத்துக்கு வேறொரு கூட்டம் வந்திருக்கிறது. தங்கம் தேடுகிறவர்கள், மண்வாரி இயந்திரங்களோடு. பழைய கட்டடம் தெரிந்த இடத்தில் பழைய தங்கச் சுரங்கமும் இருக்கும் என்று நினைத்துத் தோண்டுகிறார்கள். சில காவற்கோட்டைகள் ஏற்கெனவே பெயர்ந்துபோய்விட்டன. சுவர் இடிவதைக் காட்டிலும் எனக்குப் பயம் வாசலுக்கு வெளியே இருக்கும் குப்பைமேட்டைப் பற்றித்தான். அஞ்சல் பதிவேடும், ரொட்டிக்குப் பதில் எழுதாத நண்பன் மீதான வருத்தமும், பத்குவா அறிக்கையும் இப்படிப்பட்ட குப்பையில் கிடைத்தவை. இந்தச் சாலைகளில் ஆய்வாளர் கை இன்னும் படாத நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசலில் எழுத்துள்ள ஓடுகள் மண்ணுக்குள் கிடக்கும். மண்வாரி ஒரே வாரலில் அவற்றை நொறுக்கிவிடும். எகிப்தியத் தொல்லியல் துறையும் வெளிநாட்டுக் குழுக்களும் அவற்றை முந்திக்கொண்டு தோண்ட வேண்டியிருக்கிறது.